ஹிஸ்டீரியா என்று எழுதுவதற்கு முன்

சென்ற மாதம் நம் புறநோயாளர் பிரிவுக்குப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் தந்தை தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று வாரங்களாக அவளுக்கு வலது கால் வேலை செய்யவில்லை. இடையில் வந்த அமாவாசையன்று இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தனர். அதன் பின் வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்களாம். நான் பெண்ணைப் பரிசோதித்து முடித்ததும் தந்தை என்னை நடைக்கூடத்துக்கு அழைத்தார். “டாக்டர், ஒளிக்காமல் சொல்லுங்கள். இவள் நடிக்கிறாளா?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கதவு திறந்திருந்தது. பெண்ணின் காதில் விழுந்துவிட்டது.

இந்தக் கேள்வியை மாதத்துக்குப் பலமுறை கேட்கிறேன். தாய்மார்கள் கேட்கிறார்கள், கணவர்கள் கேட்கிறார்கள், சில நேரங்களில் எங்கள் பயிற்சி மருத்துவர்களே கேட்கிறார்கள். ஹிஸ்டீரியா என்ற பழைய சொல்லை இன்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ‘எச்.சி.ஆர்.’ என்ற மூன்றெழுத்தாக அது உலவுகிறது. நோயாளியின் அட்டையில் அந்த மூன்றெழுத்து ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்வதை யாரும் முழுமையாகக் கேட்பதில்லை. நானும் ஒருமுறை அப்படி எழுதியவன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடர எனக்கு உரிமையில்லை.

பட்டமேற்படிப்புப் பயிற்சியில் இருந்த காலம் அது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். பாதங்களில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது என்றார். உறக்கமில்லை, பேசும்போதே அழுதார். வீட்டில் மாமியாருடன் பிணக்கு இருந்ததையும் சொன்னார். காலையில் முகம் கழுவக் கண்ணை மூடினால் விழப் பார்க்கிறேன் என்று இரண்டு முறை சொன்னார். மூளை ஸ்கேனில் குறையில்லை. கைகால் வலிமையும் குறையவில்லை. அழுகையையும் மாமியாரையும் பிடித்துக்கொண்ட நான், முகம் கழுவும்போது தள்ளாடுவதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கினேன். அட்டையில் மூன்றெழுத்தை எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து அவர் இருபுறமும் ஆள் தாங்க வந்தார். அப்போது பணியிலிருந்த மூத்த மருத்துவர், நான் செய்யத் தவறிய இரண்டு எளிய சோதனைகளைச் செய்தார். கண்ணை மூடச் சொல்லிக் கால் பெருவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டார். அவரால் சொல்ல இயலவில்லை. இசைக்கவையை அதிரவைத்துக் கணுக்காலில் வைத்தார், அதிர்வு தெரியவில்லை. முதுகுத்தண்டின் பின்புற நரம்புப் பாதை பழுதுபட்டிருந்தது. கண்ணைத் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை ஈடுசெய்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்பது உடலுக்குத் தெரிவதில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

காரணம் வைட்டமின் பி12 குறைபாடு. அவர் பல ஆண்டுகளாகப் பாலும் தயிரும்கூடச் சேர்க்காத சைவ உணவினர். ஏற்கெனவே இருப்பு குறைந்திருந்த உடலில், நோய் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் நீண்ட நேரம் நடந்த ஓர் அறுவை சிகிச்சையின்போது நைட்ரஸ் ஆக்சைடு மயக்க வாயு செலுத்தப்பட்டிருந்தது. இந்த வாயு, பி12 மூலக்கூற்றின் நடுவிலுள்ள கோபால்ட் அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த வைட்டமினைப் பயனற்றதாக்கிவிடும். போதிய இருப்பு உள்ளவர்கள் ஓரிரு மணி நேர மயக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உடல் சில நாட்களில் சரிசெய்துகொள்ளும். விளிம்பில் நிற்பவர்களையோ அது கீழே தள்ளிவிடும். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பேணும் வேலை தடைபட்டு, மரத்துப்போதலும் தள்ளாட்டமும் சில நாட்களிலோ வாரங்களிலோ தொடங்கும். மனச்சோர்வு, எரிச்சல், மறதி ஆகியவையும் இதே குறைபாட்டின் விளைவாக வரலாம். அந்த அழுகையிலும் ஒரு பங்கு பி12 உடையது.

ஊசி மருந்து தொடங்கிய பின் அவர் நன்றாகவே தேறினார். ஆனாலும் இருட்டில் இன்றுவரை சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அந்த ஒரு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் தேவைப்பட்டிருக்குமா என்பதற்கு என்னிடம் விடையில்லை.

நைட்ரஸ் ஆக்சைடுக்கும் ஹிஸ்டீரியாவுக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் ‘நடிப்பா’ என்ற கேள்வியே மாறிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1799ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் வாயுக்களால் நோய் தீர்க்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஆய்வுகளை நடத்தியவர் ஹம்ப்ரி டேவி. அப்போது அவருக்கு வயது இருபதுதான். நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே மூச்சில் இழுத்துப் பார்த்தார். நண்பர்களையும் இழுக்கச் செய்தார். கவிஞர் கோலரிட்ஜும் அவர்களுள் ஒருவர். சிரிப்பு வாயு என்ற பெயர் பின்னர் நிலைத்தது. 1800இல் வெளியிட்ட நூலில், இந்த வாயு வலியைப் போக்குவதால் அறுவை சிகிச்சையில் பயன்படக்கூடும் என்று டேவி எழுதினார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1844இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ஒரு கேளிக்கைக் காட்சியில் இவ்வாயுவை இழுத்தவர் காலில் அடிபட்டதையே உணராமல் இருந்ததைக் கண்டு, தம் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதிக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகள் கத்தியின் கீழ் அலறிக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவியலில் இத்தகைய தூக்கங்கள் உண்டு.

பிரிஸ்டல் நிலையத்தில் இவ்வாயுவைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹிஸ்டீரியா உடையவர்கள் எனக் கருதப்பட்ட பெண்கள் சிலருக்கு இதே வாயு வலிப்பு போன்ற அசைவுகளைக் கிளப்பியதாகவும் அங்கே குறித்துவைத்தார்கள். டேவியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பக்கவாத நோயாளி ஒருவருக்கு வாயுவைக் கொடுக்கும் முன் உடல் வெப்பத்தை அறிய, அவர் நாவின் கீழ் டேவி வெப்பமானியை வைத்தார். அதுதான் மருத்துவம் என்று நினைத்துக்கொண்ட நோயாளி, உடனே நலம் தெரிகிறது என்றார். டேவி வாயுவை எடுக்கவேயில்லை. மறுநாள் வரச் சொன்னார், மறுபடியும் வெப்பமானி. இப்படி இரண்டு வாரம் நடந்தது. நோயாளி குணமடைந்து சென்றார்.

இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர், ‘அப்படியானால் அந்த ஆள் நடித்திருக்கிறான்’ என்றே முடிவு செய்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நடிப்பவனுக்கு வெப்பமானி தேவையில்லை. எந்த நாளிலும் எழுந்து நடந்துவிடலாம். அந்த மனிதரின் கால் உண்மையாகவே அவர் சொற்படி கேட்கவில்லை. எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் மூளையின் வழியே அதை மீண்டும் இயக்கின. அங்கே வாயு குணப்படுத்தவில்லை என்பது உண்மை. நோய் பொய் என்பது அதிலிருந்து பெறப்படவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஓர் அத்தியாயம் உண்டு. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், மருந்து எதுவுமின்றி வசிய உறக்கத்தில் நோயாளிகளை ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். மறு ஆண்டே கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1847இல் ஈதரும் பின்னர் குளோரோஃபார்மும் இந்தியாவுக்கு வந்ததும் அந்த முறை வழக்கொழிந்தது. வசியத்தில் வலியின்றிக் கிடந்தவர்களைப் பற்றியும், வலியை மறைத்து நடிக்கிறார்கள் என்றே மேலைநாட்டு மருத்துவர்கள் சிலர் வாதிட்டனர். காலை வெட்டும்போது முகம் சுளிக்காமல் கிடப்பது எவ்வளவு அரிய நடிப்பு என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை!

மயக்க மருந்துகள் பரவிய பின் மருத்துவர்கள் அவற்றை நோயறியும் கருவியாகவும் பயன்படுத்தினர். மடங்கி இறுகிப்போன கை, குளோரோஃபார்ம் மயக்கத்தில் தளர்ந்து நீண்டால், மூட்டில் பழுதில்லை என்று அறிந்தனர். கருவுற்றதாக நம்பிப் பெருத்த வயிறு மயக்கத்தில் தட்டையானதையும் கண்டனர். இவை நல்ல கண்டறிதல்களே. ஆனால் மயக்கம் தெளிந்ததும் கை மீண்டும் மடங்கியது, வயிறு மீண்டும் பெருத்தது. நோயாளி அறியாமலே அது நிகழ்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே பல மருத்துவர்கள் நோயாளியைக் கடிந்துகொண்டார்கள்.

ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணின் நோய் என்ற முத்திரை பெயரிலேயே இருந்தது. பாரிஸ் நகரின் ஷார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆண் தொழிலாளர்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். முதல் உலகப் போரில் பேச்சிழந்தும் கால் விளங்காமலும் வந்த படைவீரர்கள் ஆயிரக்கணக்கானோர். 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் இச்சொல்லை நோய்ப் பெயராக வைத்திருப்பதைக் கைவிட்டது. இன்று செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறோம். சொல் போய்விட்டது, அதனுடன் ஒட்டியிருந்த ஏளனம் போகவில்லை.

இந்த நோயைக் குடும்பத்தினருக்கு நான் விளக்கும் விதம் எளியது. கிணற்றில் மோட்டார் எரியவில்லை, கம்பியும் அறுபடவில்லை, மின்சாரமும் வருகிறது. ஸ்டார்ட்டர் மட்டும் பிடிக்க மறுக்கிறது. நீர் வரவில்லை என்பது அப்போதும் உண்மைதானே? மோட்டாரைப் படம் எடுத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட்டரை உதைப்பதாலும் பயனில்லை.

இதில் இரு பக்கமும் தவறு நேரும். லண்டனில் எலியட் ஸ்லேட்டர் என்பவர், ஹிஸ்டீரியா என்று முடிவு செய்யப்பட்ட 85 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பலருக்கு உடல் நோய் வெளிப்பட்டிருந்தது, சிலர் இறந்துபோயிருந்தனர். அந்தக் கட்டுரை ஒரு தலைமுறை மருத்துவர்களை அச்சுறுத்தியது. 2005இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 1950களில் நூற்றுக்கு 29 என்றிருந்த தவறான கணிப்பு 1970களுக்குப் பின் நூற்றுக்கு 4 அளவில் குறைந்துவிட்டதைக் காட்டியது. மற்ற நரம்பு நோய்களைக் கணிப்பதிலும் ஏறத்தாழ இந்த அளவு பிழை உண்டு. எனவே, ‘எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு ஒன்றும் இல்லையென்றால்தான் இது’ என்ற பழைய வழியை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இந்த நோய்க்கென்று அடையாளங்கள் உள்ளன. அவற்றைத் தேடிக் கண்டுதான் பெயர் சூட்ட வேண்டும். ஸ்கேன் நன்றாக இருப்பதோ, நோயாளி அழுவதோ, வீட்டில் சண்டை இருப்பதோ அடையாளமாகா. வீட்டில் சண்டை இருப்பவர்களுக்கும் பி12 குறையும்.

அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் நான் தேடியது 1908இல் ஹூவர் என்பவர் விவரித்த அடையாளம். மல்லாந்து படுக்கவைத்து, வலது குதிகாலின் கீழ் என் கையை வைத்து, அந்தக் காலைக் கீழே அழுத்தச் சொன்னேன், அழுத்தம் இல்லை. பிறகு இடது காலை உயர்த்தச் சொல்லி மறுகையால் தடுத்தேன். வலது குதிகால் தானாகவே என் கையை நன்றாக அழுத்தியது. மேசையருகே தந்தையையும் அழைத்து, அவர் கையை அங்கே வைத்துப் பார்க்கச் செய்தேன். “உன் காலில் வலிமை இருக்கிறது, அம்மா. நீ கவனம் வைத்து இயக்கும்போது மூளை அதை அனுப்புவதில்லை. கவனம் வேறிடம் செல்லும்போது அனுப்புகிறது. நீ செய்வதன்று இது, உனக்கு நேர்வது” என்று அவளிடமே சொன்னேன். கால் பெருவிரல் அசைவும் இசைக்கவை அதிர்வும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. பி12 அளவும் பார்த்தோம், போதுமானதாக இருந்தது. இயன்முறைச் சிகிச்சையாளர் அவளை முதலில் பின்னோக்கி நடக்கவைத்தார். பின்னோக்கி நடக்க முடிந்தது! தந்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது வாரம் மூன்று நாள் வருகிறாள். மனநல ஆலோசகரையும் பார்க்கிறாள். ஒருநாள் நன்றாக நடக்கிறாள், மறுநாள் தடுமாறுகிறாள். அது இந்நோயின் இயல்பு.

இனி ஒரு குற்றச்சாட்டு; எங்கள் தொழிலின் மீதே. வலிப்பு போன்ற அசைவுடன் வருபவருக்கு இது காக்காய் வலிப்பு அன்று என்று தோன்றியதும், அம்மோனியாவில் நனைத்த பஞ்சை மூக்கில் வைப்பதும், நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பதும், மூக்கையும் வாயையும் பொத்துவதும் இன்றும் பல இடங்களில் நடக்கின்றன. ‘வைத்தவுடன் எழுந்துவிட்டாள், பார்த்தீர்களா’ என்று பெருமையும் பேசுகிறோம். அது சோதனையன்று, தண்டனை. கோயிலில் வேப்பிலையால் அடிப்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லும் நாம், வெள்ளை அங்கியுடன் செய்வது வேறா? நம் மருத்துவமனையில் இதற்கு இடமில்லை. எவரேனும் செய்யக் கண்டால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.

கோயிலுக்குச் செல்வதை நான் தடுப்பதில்லை. அங்காளம்மன் சந்நிதியில் அழுது தீர்த்தபின் உடல் தளர்ந்து நலமடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டேவியின் வெப்பமானியை நம்புகிற நான் அதை மறுக்க முடியாது. கட்டிப்போடுவதையும் அடிப்பதையும் பட்டினி போடுவதையும் மட்டும் ஒருபோதும் ஏற்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் ஓட முடியாமல் இறந்ததை நம் மாநிலம் மறக்கக் கூடாது.

சிரிப்பு வாயுவைக் குறித்து இப்போது பலர் கேட்பது வேறொன்று. மனநோய்க்கு அது மருந்தாமே, எங்கள் மகளுக்கும் கொடுக்கலாமா என்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பீட்டர் நாகெலே குழுவினர், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோயாளிகள் 20 பேருக்குப் பாதியளவு நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயுவை ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தனர். பலருக்கு ஒரு நாளுக்குள் சோர்வு குறைந்தது. 2021இல் 24 பேரிடம் செய்த ஆய்வில், கால் பங்கு அளவே ஏறத்தாழ அதே பயனைக் குறைந்த குமட்டலுடன் தந்தது. ஆர்வமூட்டும் செய்தி, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை சிறியது. ஆய்வு செய்யப்பட்டது மனச்சோர்வு, ஹிஸ்டீரியா எனப்பட்ட நோயன்று. வாயுவின் மயக்கம் நோயாளிக்குத் தெரியும் என்பதால், தமக்குக் கிடைத்தது வாயுவா வெறும் ஆக்சிஜன் கலவையா என்பதைப் பலரும் ஊகித்துவிடுவர். எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தறிவது கடினம். டேவியின் வெப்பமானி இங்கும் நாவின் கீழ் இருக்கிறது. இந்நிலையில் அதைச் சிகிச்சையாக நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேளிக்கைக்காக இவ்வாயுவைப் பலூனில் நிரப்பி இழுக்கும் பழக்கம் வெளிநாடுகளில் இளைஞரிடையே பரவியுள்ளது; பிரிட்டன் 2023 நவம்பரில் அதைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருளாக்கியது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போகிறது என்று தொலைபேசியில் சொன்னால், இதையும் நினைவில் கொள்ளுங்கள். 1978இலேயே ராபர்ட் லேசர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இத்தகைய 15 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் 14 பேர் பல் மருத்துவர்கள். கையருகே உருளை இருந்ததால் வந்த வினை.

அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். பிரசவ வலிக்கும் பல் சிகிச்சைக்கும் இவ்வாயு நல்ல துணை. மயக்கவியல் மருத்துவர் முன்னதாக உங்களைப் பார்க்க வரும்போது, பசி வேளையில் என்ன கேள்வி என்று சலித்துக்கொள்ளாமல் சிலவற்றைச் சொல்லுங்கள். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எதையும் உண்பதில்லை என்றால் சொல்லுங்கள்; செடிகொடிகளில் பி12 இல்லை. இங்கே ஆசிரமங்களில் தங்கியிருப்போரில் பாலையும் துறந்தவர்கள் உண்டு. அவர்களுடைய துறவில் நான் குறை காணவில்லை, மாத்திரை போதும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினையோ, நெஞ்செரிச்சலுக்கான மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முதியவர்களும் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போதல் ஏற்கெனவே இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வேறு மயக்க மருந்துகள் இருக்கின்றன.

வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயைப் பிளக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒருவர் கைபேசியில் முழுவதும் படமெடுங்கள். கண்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா என்பது எனக்குத் தெரிய வேண்டும்; அந்தப் படம் பல ஸ்கேன்களைவிடப் பயன்தரும். ஐந்து நிமிடம் கடந்தால் 108ஐ அழையுங்கள். சிலருக்குக் காக்காய் வலிப்பும் இந்த வலிப்பும் சேர்ந்தே இருக்கும். ஆகவே பார்த்தவுடன் நீங்களாக முடிவு செய்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

நடிக்கிறாளா என்ற கேள்வியை என்னிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.